பதினொன்றாக நடித்த பத்தொன்பது

சம்பளத்தைக் கூட்டிச் சொல்கிறவர்களையும் இடுப்பளவைக் குறைத்துச் சொல்கிறவர்களையும் நான் மன்னித்துவிடுவேன். அவர்களால் கஷ்டப்படுவது அவர்கள் பெல்ட் மட்டும்தான். நான் சொன்ன பொய் அந்த ரகம் இல்லை. நான் ஓர் எண்ணைக் குறைத்துச் சொன்னேன். அதனால் சேக்காட்டைச் சேர்ந்த ஒரு மனிதருக்கு, அவர் ஆயுசில் கிடைத்திருக்க வேண்டிய ஒரே கோப்பை கிடைக்காமல் போயிற்று. இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. இப்போதும் முழுசாகச் சிரிப்பு வரவில்லை.

நான் கோல்ஃப் ஆடும் பரம்பரை இல்லை. கரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மட்டையால் பந்தை அடித்தவன் உடனே ஓட வேண்டும். அடித்துவிட்டு நிதானமாக அதன் பின்னாலேயே நடந்து போனால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். வேலை அம்பத்தூரில், ஃப்ளாட் நசரத்பேட்டையில் என்று ஆன பிறகுதான் இது ஒட்டிக்கொண்டது. குத்தம்பாக்கத்தைத் தாண்டி ஒரு நிறுவனம் மனை போட்டு விற்றது. வாங்க வருகிறவர்கள் அசந்துபோவதற்காக நடுவில் ஒன்பது குழி கொண்ட கோல்ஃப் மைதானம் ஒன்றையும் போட்டது. (விளம்பரத்தில் இருந்த புல் வேறு, நாங்கள் மிதித்த புல் வேறு. அதைப் பேச ஆரம்பித்தால் கட்டுரை தடம் மாறிவிடும்.) அக்கம்பக்கத்தில் இருபது பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை லீக் ஒன்று ஆரம்பித்தோம். முதல் கூட்டத்தில் நான் தெரியாத்தனமாக லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். அந்த நிமிஷமே என்னை ஹேண்டிகேப் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

ஹேண்டிகேப் என்பது பெரிய வித்தை இல்லை. நன்றாக ஆடுகிறவனும் சுமாராக ஆடுகிறவனும் ஒரே போட்டியில் மோதுவதற்கான ஏற்பாடு. எங்கள் ஒன்பது குழிகளிலும் பந்தைப் போட்டு முடிக்க, தேர்ந்த ஆட்டக்காரருக்கு முப்பத்தாறு மட்டையடி போதும். உங்களுக்கு ஐம்பது ஆகிறது என்றால் பதினான்கு கூடுதல். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பதினான்கை உங்கள் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். யாருக்கு அடி குறைவோ அவர் ஜெயித்தார். இந்தக் கழிவைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஒவ்வொருவரும் தான் ஆடிய எல்லா ஆட்டத்துக்கும் கார்டு எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசிப் பத்து கார்டில் நல்ல ஐந்தை எடுத்து, முப்பத்தாறுக்கு மேல் போனதையெல்லாம் கூட்டி, ஐந்தால் வகுக்க வேண்டும். பத்து கார்டு சேராதவருக்கு இருப்பதில் நல்ல ஐந்து. அவ்வளவுதான் சூத்திரம். தன் லட்சணம் என்னவென்று தானே ஒப்புக்கொண்டால்தான் இந்தக் கணக்கு ஓடும்.

அங்கேதான் எனக்கு இடித்தது. நான் பன்னிரண்டாவதில் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவன். ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தால் அது மார்க். மார்க் என்றால் அதற்கு ஒரு மானம் உண்டு. இந்த விளையாட்டில் சின்ன எண்தான் நல்ல ஆட்டக்காரன் என்று தெரிந்த கணத்திலேயே, எனக்கு ஒரு சின்ன எண் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன். அதற்கு நான் புதிதாக எதையும் கற்கவில்லை. என்ஜினியரிங் கல்லூரியில் எனக்கு அரியர் ஏழு. ஏழையும் எழுதித் தாண்டினேன். தாண்டிய பிறகு வந்த பட்டத்தில் அந்த ஏழும் இருந்த அடையாளமே இல்லை. அதே மாதிரி, மோசமாக ஆடிய ஞாயிற்றுக்கிழமைகளை அரியராக நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் நன்றாக ஆடினால் அந்தக் கார்டைக் கொடுப்பது, பழையதை மறந்துவிடுவது.

போதாததற்கு, தெருக் கிரிக்கெட்டில் முதல் பந்து ட்ரையல் இல்லையா? அதை நான் இங்கேயும் கொண்டுவந்தேன். முதல் அடி வேலிக்குள் போனால் “ட்ரையல்ஸ்” என்று எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டு இன்னொன்று அடிப்பேன். குழிக்கு ஒரு முழத்தில் பந்து நின்றால் எப்படியும் விழுந்திருக்கும் என்று கையில் எடுத்துக்கொள்வேன். இப்படியாக முப்பத்தொரு ஆட்டம் ஆடி, ஐந்தே ஐந்து கார்டு கொடுத்தேன். என் ஹேண்டிகேப் பதினொன்று. லீக்கிலேயே குறைவு.

மிச்சம் இருபத்தாறு கார்டும் கார் டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் இருந்தன. கிழித்துப் போட மனசு வரவில்லை. ஒரு நாள் ஆபீஸில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் தனி ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது வந்தது. ஷீட்டை மறைத்துவைத்து, பாஸ்வேர்டும் போட்டேன்.

என் மனைவி சுதாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். காய்கறிப் பை வைக்க டிக்கியைத் திறந்தவள் கார்டுகளைப் பார்த்துவிட்டாள். “ஏங்க, இதுல நல்ல நம்பர் எடுத்தா எந்தக் காலேஜ்லங்க சீட்டு குடுக்கறாங்க?” என்று கேட்டாள். உனக்கு விளையாட்டைப் பற்றித் தெரியாது என்றேன். அவள் பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் கோகோ ஆடியவள்.

டிசம்பரில் ஜோடிப் போட்டி அறிவித்தோம். இருவர் ஒரு ஜோடி. இருவரின் கழித்த கணக்கையும் கூட்டி, எந்த ஜோடிக்குக் குறைவோ அவர்களுக்குக் கோப்பை. ஜோடி சேர்ப்பதில் அநியாயம் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்தோம். லீக்கிலேயே குறைந்த ஹேண்டிகேப்காரர், அதிக ஹேண்டிகேப்காரரோடு. இரண்டாவது குறைந்தவர், இரண்டாவது அதிகமானவரோடு. இந்த விதியை எழுதிய புத்திசாலியும் நான்தான். குறைந்தவன் பதினொன்று, நான். அதிகமானவர் இருபத்திரண்டு, மாணிக்கம் அண்ணன்.

மாணிக்கம் அண்ணன் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானம் இருக்கும் நிலத்தில் ஒரு துண்டு அவர் மனைவி கன்னியம்மாவின் குடும்பப் பங்கு. நிலம் கொடுத்தவர்களுக்கெல்லாம் கம்பெனி ஆயுள் உறுப்பினர் அட்டை கொடுத்தது. மற்ற சொந்தக்காரர்கள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இவர் மட்டும், “குட்த்துக்கீறாங்க, இன்னாதான் கீதுன்னு பாப்போம்” என்று கிளம்பி வந்தவர். அவர் அடிகளை எண்ணுகிற விதம் லீக் முழுக்கப் பிரசித்தம். இடது பாக்கெட் நிறையச் சின்னச் சின்ன இரும்பு வாஷர். ஓர் அடி அடித்தால் ஒரு வாஷர் வலது பாக்கெட்டுக்குப் போகும். புதருக்குள் யாரும் பார்க்காமல் பந்து நழுவினாலும் ஒரு வாஷர் போகும். லேத்தில் பத்து மைக்ரான் தப்பாக வந்தால் வேலையையே தூக்கிப் போடுகிற மனுஷன். ஹேண்டிகேப்பையும் அளவுகோல் மாதிரிதான் பார்த்தார். அதில் பெருமையோ அவமானமோ இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

ஜோடிப் பட்டியலை வாட்ஸப்பில் போட்ட கால் மணி நேரத்தில் கூப்பிட்டார்.

“தம்பி! எனுக்கு நீயா ஜோடி? பதினொண்ணா? எம்மா, சூப்பர்பா! வூட்ல சொன்னேன், அவளும் குஜாலாயிட்டா. ஞாயித்துக்கெழம நம்ம வூட்டுக்கு வந்து சாப்ட்டுதான் போவணும். குடும்பத்தோட வா.”

போனோம். கன்னியம்மா அக்கா வஞ்சிரம் வறுத்து, நண்டு குழம்பு வைத்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் அண்ணன் என்னைக் கூடத்து ஷோகேஸ் முன்னால் நிறுத்தினார். பெரிய பையன் கபடிக்கு வாங்கிய கோப்பைகள், சின்னவன் செஸ்ஸுக்கு வாங்கியவை, அக்கா தையல் போட்டியில் வாங்கிய கேடயம். மருமகன் ரத்ததானத்துக்கு வாங்கிய ஷீல்டுகூட இருந்தது. நடுத்தட்டில் மட்டும் ஓர் இடம் காலியாக, துடைத்து, புது பேப்பர் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

“இத்தினி வருசத்துல எனுக்குன்னு ஒரு சோப்பு டப்பாகூட யாரும் குட்த்தது இல்ல தம்பி. பொங்கல் கயிச்சி முட்டி ஆப்ரேசன். அதுக்கப்புறம் இடுப்ப வளைச்சி ஆடவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. இதான் எனுக்குக் கடைசி ஆட்டம். நான் தனியா எங்க செயிக்கப் போறேன்? ஆனா ஒரு பதினொண்ணு கூட கீதே!” என்று என் முதுகில் தட்டினார்.

கன்னியம்மா அக்கா, “நேத்தே துடைச்சி வச்சிட்டாரு, நான் சொன்னா கேக்கல” என்று சிரித்தார்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, நண்டு வாசனை கையில் இருக்கும்போதே, “அண்ணே, நான் பதினொண்ணு இல்ல, பட்டியலை மாத்திடறேன்” என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷ அசடு வழிதலோடு போயிருக்கும். போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. சுதா என் முழங்கையைக் கிள்ளினாள். நான் வாயைத் திறந்தேன். “நிச்சயம் ஜெயிக்கிறோம்ணே” என்றேன்.

 காரில் வரும்போது பின்சீட்டிலிருந்து மகள் யாழினி, “அப்பா, நீங்க நெஜமாவே அவ்ளோ நல்லா ஆடுவீங்களா?” என்றாள். ரேடியோவைப் பெரிதாக வைத்தேன்.

போட்டி நாள் வந்தது. எங்களோடு சேர்ந்து ஆடியது பூந்தமல்லி பல் டாக்டரும் அவர் ஜோடியும். டாக்டரின் ஹேண்டிகேப் பன்னிரண்டு. லீக்கில் எனக்கு அடுத்தவர். அவர்தான் என் கார்டை எழுதினார். ஆகவே ட்ரையல் கிடையாது, முழக் கணக்கில் எடுத்துக்கொள்வது கிடையாது. முதல் அடியிலேயே பந்து சீமைக்கருவேல முள்ளுக்குள் போயிற்று. வெளியே எடுக்க மூன்று அடி ஆனது. இரண்டாவது குழியில் மணலுக்குள் விழுந்து நான்கு அடி. ஒவ்வொரு தடவையும் மணல்தான் பறந்தது, பந்து பறக்கவில்லை. டாக்டர் மரியாதையான மனிதர். இருந்தும் மூன்றாவது குழியில், “இன்னிக்கு உங்க ஆட்டம் மாதிரி இல்லையே சார்” என்றார். அது என் ஆட்டம் மாதிரியேதான் இருந்தது.

அப்போதுதான் நான் அந்தக் கேவலமான காரியத்தைச் செய்தேன். வலது தோளைப் பிடித்துக்கொண்டு “ஸ்ஸ்...” என்றேன்.

“இன்னாச்சு தம்பி?”

“தோள் பிடிச்சுக்கிச்சுண்ணே. காலைலேர்ந்தே.”

மாணிக்கம் அண்ணன் தன் பையிலிருந்து தைலம் எடுத்தார். நடு மைதானத்தில் என் சட்டைக் காலருக்குள் கையை விட்டு, நல்ல தோளை அழுத்தி அழுத்தித் தேய்த்தார். எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, “ரொம்ப வலிக்குது போலக்கீது பாவம்” என்று டாக்டரிடம் சொன்னார். ஐந்தாவது குழி முடிந்ததும் என் மட்டைப் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். வேண்டாம் அண்ணே, வேண்டாம் அண்ணே என்று பின்னாலேயே ஓடினேன். கேட்கவில்லை. ஒரு தோளில் அவர் பை, மறு தோளில் என் பை, பாக்கெட்டில் வாஷர்கள் குலுங்க, ஆப்ரேஷனுக்கு நாள் குறித்த முட்டியை இழுத்து இழுத்து அந்த மனுஷன் நான்கு குழிகள் நடந்தார். ஆரோக்கியமான இரண்டு தோள்களோடு நான் அவர் பின்னால் நடந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நடை நடந்ததில்லை.

அவரோ அன்றைக்குப் பிரமாதமாக ஆடினார். எப்போதும் ஐம்பத்தெட்டு வாக்கில் முடிக்கிறவர், அன்று ஐம்பத்துநான்கு. கடைசிக் குழியில் பந்து உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் வலது பாக்கெட் வாஷர்களைப் புல்லில் கொட்டி, இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

முடிவை வெள்ளைப் பலகையில் எழுத வேண்டியது செயலாளர். எழுதினேன். மாணிக்கம், ஐம்பத்துநான்கில் இருபத்திரண்டு போக முப்பத்திரண்டு. நான், ஐம்பத்தெட்டில் பதினொன்று போக நாற்பத்தேழு. மொத்தம் எழுபத்தொன்பது. டாக்டர் நாற்பத்தேழில் பன்னிரண்டு போக முப்பத்தைந்து, அவர் ஜோடி முப்பத்தேழு. மொத்தம் எழுபத்திரண்டு. கோப்பை அவர்களுக்கு. என் நிஜமான பத்தொன்பதைக் கழித்திருந்தால் எங்களுக்கு எழுபத்தொன்று. 

மாணிக்கம் அண்ணன் எல்லோரிடமும் போய்ப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். “தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்கபா. தோளு புட்ச்சிக்கிச்சு. இல்லாங்காட்டி இன்னிக்கு நம்மள்து.” யாரும் என்னை எதுவும் சொல்லவில்லை. அவர்தான் யாரும் சொல்லாததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தாங்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில், அவரை வீட்டில் விடுவதற்காக அவர் பையை என் டிக்கியில் வைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். “அண்ணே, தோள்ல ஒண்ணும் இல்ல.”

“இன்னா?”

“நான் பதினொண்ணும் இல்லண்ணே. பத்தொம்பது. மோசமான கார்டையெல்லாம் குடுக்கல.” ஸ்டெப்னியைத் தூக்கி, கார்டுக் கட்டை எடுத்துக் காட்டினேன்.

அவர் ஒவ்வொரு கார்டாகப் பார்த்தார். கோபமே இல்லை முகத்தில். கணக்குதான் ஓடியது. உதடு அசைந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். “நீ பத்தொம்போதுன்னா லீக்ல கொறைச்சல் டாக்டரு. அப்போ எனுக்கு அவர்தான் ஜோடி வந்துருப்பாரு.”

நான் அதுவரை அந்தக் கணக்கைப் போட்டே பார்த்திருக்கவில்லை. முப்பத்திரண்டும் முப்பத்தைந்தும் அறுபத்தேழு. பக்கத்தில் யாரும் வந்திருக்க முடியாது.

“ஆமாண்ணே” என்றேன்.

“உன்ன யார்னா கேட்டாங்களா? நீ பதினொண்ணு கீறியான்னு எவனாச்சும் கேட்டானா?”

“இல்லண்ணே.”

“பின்ன யாருக்கோசரம்பா இந்த உதாரு?”

  அவர் தன் பையை டிக்கியிலிருந்து எடுத்துக்கொண்டார். கொண்டுபோய் விடுகிறேன் என்று கையைப் பிடித்தேன். “வாணாம் சார்” என்றார். அதுவரை தம்பியாக இருந்தவன், அந்த ஒரு வார்த்தையில் சார் ஆனேன். குத்தம்பாக்கம் பக்கமாக விந்தி விந்தி நடந்து, ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டார். நான் ஸ்டெப்னி மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த ஞாயிறு லீக் கூட்டத்தில் இருபத்தாறு கார்டையும் மேஜையில் வைத்து, எல்லாவற்றையும் சொல்லி, பதவியை ராஜினாமா செய்தேன். ராஜினாமாவை ஏற்கவில்லை. வேறு யாருக்கும் எக்ஸெல் தெரியாது. டாக்டர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சேக்காட்டுக்கே போனார். “ஆட்டத்துல செயிக்காதது எனுக்கு வாணாம் டாக்டர்” என்று சொல்லி, காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார் அண்ணன். நான் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. அனுப்பிய செய்திகளில் நீலக் கோடு விழும், பதில் வராது.

ஆறு வாரம் கழித்து முட்டி ஆப்ரேஷன் நடந்தது. சுதா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு, யாழினியையும் என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கன்னியம்மா அக்கா எழுந்து, “வாங்க சார்” என்றார். அங்கேயும் சார். அண்ணன் சுதாவிடம் பேசினார், யாழினியிடம் எந்த வகுப்பு என்று கேட்டார். என் பக்கம் திரும்பவில்லை. நான் கதவை ஒட்டி, பழப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நர்ஸ் வந்தார். கையில் ஒரு தாள். “ஐயா, வலி பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் எவ்ளோ இருக்கு? நம்பர் சொல்லுங்க.”

“பத்தும்மா” என்றார் அண்ணன். நர்ஸ் எழுதப் போனார். அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார். “நல்லா கேட்டுக்கோ. எனுக்குப் பத்து. அதோ கதவாண்ட நிக்கிறாரே, அவராண்ட கேட்டா ரெண்டுன்னுவாரு. நம்பிக்கினு ஊசி போடாம போயிடாதம்மா. அவரு இன்னா சொன்னாலும் எட்டு கூட்டி எழுதிக்கோ.”

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. கன்னியம்மா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சுதா அடக்கிப் பார்த்து, முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். அது எங்கேயோ பாதியில் அழுகையாக மாறிவிட்டது. ஆறு வாரத்தில் அவர் என்னைப் பற்றி என் எதிரில் சொன்ன முதல் வார்த்தை அது.

“இன்னா அங்கியே நிக்கற தம்பி, உக்காரு” என்றார். முகம் இன்னும் கொஞ்சம் உர்ரென்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஆடவில்லை, ஆடவும் முடியாது. அந்தக் கோப்பை இன்றும் டாக்டரின் கிளினிக்கில் இருக்கிறது. அதை நான் எந்தக் கணக்கைப் போட்டும் சரிக்கட்ட முடியாது. என் ஹேண்டிகேப் இப்போது இருபது. யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பிறந்த சூத்திரம் இரண்டு வீட்டிலும் நிலைத்துவிட்டது. எத்தனை இட்லி சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று நான் எந்த எண்ணைச் சொன்னாலும் யாராவது ஒருவர் எட்டு கூட்டுவார். சேக்காட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு நான் எட்டு மாமா. போன வாரம் ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டு, பூந்தமல்லி வந்துவிட்டேன், இன்னும் பத்தே நிமிஷம் என்றேன். “அம்மா, அப்பா பதினெட்டு நிமிஷத்துல வர்றாராம்” என்று யாழினி உள்ளே பார்த்துக் கத்துவது கேட்டது. நான் அப்போது அம்பத்தூரில் பார்க்கிங்கில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதனால் எட்டைப் பத்தொன்பதாக உயர்த்துவது பற்றி இப்போது வீட்டில் பேச்சு நடக்கிறது.